கனடாவில் குளிர்காலத்துக்கு முன் வீட்டு நீச்சல்குளத்தை முழுவதும் காலி செய்துவிடலாமா?

வேண்டாம். டொராண்டோ பக்கம் குளத்தோடு வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்த யோசனை வருகிறது. நீர் இருந்தால்தானே உறையும் என்று நினைக்கிறார்கள். ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள மண்ணிலும் நீர் இருக்கிறது. அது வெளியிலிருந்து தள்ளும்போது எதிர்த்து நிற்பது உள்ளே இருக்கும் நீரின் எடைதான். காலியாக விட்டால் ஃபைபர்கிளாஸ் குளம் தரையைவிட்டு மேலே எழும்பிவிடக்கூடும், கான்கிரீட் குளம் விரிசல் விடும். குளத்தின் உட்புறம் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, அதாவது வினைல் லைனர், சுருங்கிவிடும். திரும்ப நீர் நிரப்பும்போது கிழியும்.

குளத்தின் மேல்பரப்பில் உறையும் பனிக்கட்டிக்குப் பரவ இடம் உண்டு. நீங்கள் பயப்பட வேண்டியது குழாய்களுக்குள் தங்கும் நீருக்குத்தான். உறையும்போது நீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அடைபட்ட குழாய் அதைத் தாங்காது. மண்ணுக்கடியில் வெடித்த குழாய் வசந்தத்தில் குளத்தைத் திறக்கும்வரை தெரியவும் தெரியாது. பிறகு குளத்தைச் சுற்றியுள்ள தளத்தை உடைத்துத் தோண்ட வேண்டியதுதான்.

நீரின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் மூடலாம். இங்கே அது பெரும்பாலும் அக்டோபர் நன்றியறிதல் நாளை ஒட்டி வரும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் உள்ளே பாசி படரும். மூடுவதற்குச் சில நாள் முன்பே இலைதழைகளை வாரி, பிஎச் அளவை 7.4 முதல் 7.6க்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

நீர்மட்டத்தை ஸ்கிம்மர் (மிதக்கும் குப்பையை இழுக்கும் பக்கச்சுவர்த் திறப்பு) வாய்க்குச் சில அங்குலம் கீழே இறக்குங்கள். அந்த நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். சுத்திகரிக்கப்படாமலே ஓடைக்குப் போகும், குளோரின் மீன்களைக் கொல்லும். உப்புநீர்க் குளம் என்றால் நகராட்சியின் விதியைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. பம்ப் பக்கத்திலிருந்து கம்ப்ரஸரால் காற்றை ஊதினால், நீர் திரும்பி வரும் துளைகளில் குமிழி பொங்கும். குழாயில் இருந்த நீர் முழுக்க வெளியேறியபின், காற்று வந்துகொண்டிருக்கும்போதே ரப்பர் அடைப்பானை இறுக்குங்கள். குளத்தின் அடியிலுள்ள வடிகாலின் குழாய்க்கும் ஊதி, தரையிலிருந்து குமிழி எழும்பியதும் வால்வை மூடிவிடுங்கள். உள்ளே சிக்கிய காற்று நீரைத் திரும்ப ஏறவிடாது. சந்தேகமான குழாய்க்கு நீச்சல்குளத்துக்கென்றே விற்கும் ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றலாம். காருக்கு ஊற்றுவது விஷம், அதைத் தொடவே வேண்டாம்.

பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூன்றின் வடிகால் அடைப்பான்களையும் கழற்றி, பம்ப்பின் கூடைக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஹீட்டரில் ஒரு சொட்டும் தங்கக்கூடாது. உள்ளேயிருக்கும் செப்புக் குழாய் பிளந்தால் செலவு பயங்கரம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தார்ப்பாய் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதன்மேல் உருகித் தேங்கும் பனிநீர் ஒரு குழந்தை மூழ்கப் போதும். தளத்தில் கொக்கி அடித்து இழுத்துக் கட்டும் வலை மூடிக்கு விலை அதிகம்தான். வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள்.

முதல் வருடம் அனுபவமுள்ள ஒருவரை வைத்துச் செய்யுங்கள். பக்கத்திலேயே நின்று எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கிளம்புமுன் பம்ப்பின் பிரேக்கரை அணைக்கச் சொல்லுங்கள். டைமர் ஓட்டிவிட்டால் நீரில்லாத பம்ப் சூடேறிக் கெட்டுப்போகும்.