பரோட்டா மாவு மெலியும், இது மெலியாது

சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் சனிக்கிழமை ராத்திரி வானம் பார்க்கக் கூடினோம். ஏழரை மணிக்கே மேகம் மூடிவிட்டது. தொலைநோக்கியை உறையில் போட்டுவிட்டுப் பேச உட்கார்ந்தோம். பிரபஞ்சம் விரிவதையும் அதை முடுக்கும் இருண்ட ஆற்றலையும் பற்றி அங்கே வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

பிரபஞ்சம் விரிகிறது என்றால், எதற்குள் விரிகிறது சார்? (பத்தாம் வகுப்பு மாணவி)

வீச்சு பரோட்டாவுக்கு மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்திருப்பாயே அம்மா. மாவில் இரண்டு எள் ஒட்டியிருந்தால், வீச வீச இரண்டும் விலகும். எள் ஊர்ந்து போவதில்லை, நடுவில் உள்ள மாவுதான் விரிகிறது. விண்மீன் திரள்களும் அப்படியே விலகுகின்றன. உவமையில் ஓட்டையும் உண்டு. பரோட்டாவுக்கு ஓரம் இருக்கிறது, அதற்கு வெளியே கடை இருக்கிறது. பிரபஞ்சத்துக்கு ஓரம் இருப்பதாக எந்த அளவீடும் காட்டவில்லை. விரிவதே வெளிதான்.

அப்போ மதுரைக்கும் மேலூருக்கும் தூரம் கூடுமா? (ஆட்டோ ஓட்டுபவர்)

கூடாது தம்பி, அதைச் சொல்லி வாடகையைக் கூட்டிவிடாதீர்கள். அருகருகே உள்ளவற்றை ஈர்ப்பு விசை கட்டி வைத்திருக்கிறது. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் பக்கத்து விண்மீன் திரள் ஆண்ட்ரோமெடாவே நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம் பக்கம்தான் வருகிறது.

விரிவின் வேகம் கூடுவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (பள்ளி ஆசிரியை)

எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. எல்லாத் தெருவிளக்கும் ஒரே வாட் என்றால், மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது. வானத்தில் அப்படிப்பட்ட விளக்கு, டைப் 1ஏ சூப்பர்நோவா. வெள்ளைக் குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் ஒன்று, சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடிப்பது. அதனால் எல்லாமே ஏறக்குறைய ஒரே வெளிச்சம். அந்த வரம்புக்குப் பெயரே சந்திரசேகர் வரம்பு. நம் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்து போகும் கப்பலிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார். அப்போது வயது 19!

1998-ல் இரண்டு வானியல் குழுக்கள், விரிவு எவ்வளவு மட்டுப்படுகிறது என்று அளக்கப் போனார்கள். தூரத்துச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. அதாவது, இன்னும் தள்ளிப் போயிருந்தன. மட்டுப்படவில்லை, வேகம் கூடுகிறது! அந்தக் குழுக்களைச் சேர்ந்த பெர்ல்முட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011-ல் நோபல் பரிசு.

இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலும் ஒன்றா? (கல்லூரி மாணவர்)

இல்லை. முன்னது ஈர்த்துச் சேர்க்கும், பின்னது விரிவை முடுக்கும். பிரபஞ்சத்தின் மொத்தத்தில் சுமார் 27 சதவீதம் இருண்ட பொருள், 68 சதவீதம் இருண்ட ஆற்றல். நீங்கள், நான், இந்த மலை, சூரியன் எல்லாம் மிச்சம் 5 சதவீதத்துக்குள்.

அந்த ஆற்றல் என்னதான் சார்? (அதே மாணவி, விடவில்லை)

யாருக்கும் தெரியாது அம்மா. குணம் மட்டும் கொஞ்சம் தெரியும். மாவு விரிய விரிய மெலிகிறது, சாதாரணப் பொருளும் அப்படித்தான். இது மெலிவதாகத் தெரியவில்லை. ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய நான்கு ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சமமான ஆற்றல், அவ்வளவுதான். ஆனால் இடம் கூடக் கூட மொத்தமும் கூடும். பொருள் மெலிந்துகொண்டே வந்து, 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் கை ஓங்கியது.

என்றைக்குமே மெலியாதா? (ஆட்டோக்காரர், கிளம்பும்போது)

அங்கேதான் சிக்கல். அமெரிக்காவின் அரிசோனாவில் டெசி என்ற கருவி லட்சக்கணக்கான விண்மீன் திரள்களை அளந்திருக்கிறது. இது மெல்ல வலுவிழக்கிறதோ என்று 2024, 2025 முடிவுகள் சந்தேகம் கிளப்பின. இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் முந்தின பதிலை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறேன் தம்பி.