48 நாள் விட முடிகிறது, 49-ஆம் நாள் ஏன் முடிவதில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். 24 வருடமாக சிகரெட் பழக்கம், தினமும் 15 வரை போகும். வருடா வருடம் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவேன். அந்த 48 நாளும் ஒரு சிகரெட் தொட மாட்டேன். மாலையைக் கழற்றிய அன்றைக்கே திரும்ப ஆரம்பித்துவிடுகிறேன். பிளஸ் டூ படிக்கும் மகள், “சாமிக்காக விடுறீங்க, எங்களுக்காக விட மாட்டீங்களாப்பா” என்று கேட்டுவிட்டாள். எனக்கு மன உறுதி இல்லையா டாக்டர்?

பதில்: மன உறுதி இல்லாதவரால் 48 நாள் இருக்க முடியாது. வருடா வருடம் அதைச் செய்கிற உங்களிடம் நான் உறுதியைப் பற்றிப் பேசப் போவதில்லை.

சிகரெட்டை நிறுத்தினால் வரும் எரிச்சல், தலைவலி, தூக்கக் கெடுதல் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். 48-ஆம் நாள் உங்கள் உடம்பு அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியிருக்கிறது. அப்படியானால், மலையிலிருந்து வந்த அன்று உங்களை டீக்கடைக்கு இழுத்தது எது?

மாலை போட்டதும் என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். எல்லோரும் உங்களைச் ‘சாமி’ என்கிறார்கள். ஒருத்தரும் சிகரெட்டை நீட்டுவதில்லை. விடியலில் குளியல், மாலையில் பஜனை என்று நாளே வேறாகிவிடுகிறது. முக்கியமாக, ‘ஒண்ணே ஒண்ணு அடிச்சா என்ன’ என்ற பேரத்துக்கு உங்கள் மனதில் இடமே இல்லை. மாலையைக் கழற்றியதும் நீங்கள் மறுபடி பழைய அண்ணாச்சி. டீ மாஸ்டர் கேட்காமலே உங்கள் பிராண்டை எடுத்து வைக்கிறார்.

அதோடு, விரதத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. மனம் அதை நோக்கியே எண்ணிக்கொண்டிருக்கும். இஸ்ரேலில் புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். எத்தனை மணி நேரம் புகைக்காமல் இருந்தார்கள் என்பதைவிட, தரையிறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் ஏக்கத்தைத் தீர்மானித்தது. குறுகிய பயணமானாலும் நீண்ட பயணமானாலும், இறங்கப் போகும் நேரத்தில்தான் தவிப்பு ஏறியது. மாலை கழற்றும் நாள் நெருங்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கலாம். ரத்தத்தில் ஏறிய நிக்கோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சல் வரும். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத்தான் தணிக்கிறது, வியாபாரக் கவலையை அல்ல. விரத நாட்களிலும் தக்காளி விலை விழுந்திருக்கும், லாரி தாமதமாக வந்திருக்கும். சமாளித்தீர்கள்தானே?

என்னிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநர் கையில் டீ கிளாஸைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். கிளாஸ் இடது கைக்குப் போனதும் வலது கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. பை காலி. அவர் நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. “நான் தடவினேனா?” என்று அவரே கேட்டார். பழக்கம் அந்தக் கையில் இருக்கிறது. அதனால் முதல் மாதம் டீயை வேறு கடையில், வேறு கையில், உட்கார்ந்து குடியுங்கள். பழைய கடை மாஸ்டரிடம் ‘விடப் பாக்குறேன்’ என்று சொல்லாமல், ‘விட்டுட்டேன்’ என்று சொல்லுங்கள்.

டீயையும் பாதியாகக் குறையுங்கள். சிகரெட் புகை, டீயில் இருக்கும் காஃபினைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அதே நாலு டீ உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். பலர் இதை ‘சிகரெட் விட்டதால ஒத்துக்கல’ என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

15-ஐ 5 ஆக்கலாம் என்று அங்கேயே நிற்க வேண்டாம். அந்த ஐந்தையும் ஆழமாக இழுப்பீர்கள். ஒரு தேதி வைத்து முழுதாக நிறுத்துங்கள். அது கார்த்திகையாக இருக்க வேண்டாம். ஏக்கத்தைத் தணிக்க 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கும். அதை மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. காரம் தெரியும்வரை மென்றுவிட்டு, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். டீ குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் சரியாக உறிஞ்சாது. நெஞ்சுவலியோ இதய நோயோ இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூன்று வாரம் தாண்டிய இருமலோ, சளியில் ரத்தமோ இருந்தால் தள்ளிப் போடாமல் நேரில் காட்டுங்கள். ஆலோசனைக்கு அரசின் 1800-11-2356 இலவச எண் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விரதத்தில் ஒருமுறை தவறினால் விரதம் போச்சு. இது விரதம் இல்லை. ஏதோ ஒரு கல்யாண வீட்டில் ஒரு சிகரெட் பற்றவைத்துவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்று பாக்கெட் வாங்காதீர்கள். எந்த இடத்தில், யாருடன் இருந்தபோது நடந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு, அடுத்த மணியிலிருந்து தொடருங்கள். விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பலமுறை வழுக்கியவர்கள்தான்.

46 வயதில் என்ன லாபம் என்று தோன்றலாம். பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், 40 வயதை ஒட்டி விட்டவர்களுக்குச் சுமார் 9 ஆண்டும், 50-ஐ ஒட்டி விட்டவர்களுக்குச் சுமார் 6 ஆண்டும் ஆயுள் கூடியது. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள்.

மகளிடம் சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம். சத்தியம் தவறினால் ஒளிந்து பிடிக்கத் தொடங்குவீர்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள். கடுமையான ஏக்கம் சில நிமிடங்கள்தான் நிற்கும். பரீட்சைக்காக அவள் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து படிக்கிறவளாக இருந்தால், மார்க்கெட்டில் உங்கள் முதல் டீ வரும் அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு போன் போடுங்கள். என்ன பாடம் ஓடுகிறது என்று கேளுங்கள்.