பழைய சோல், ஃபங்க் (அறுபது, எழுபதுகளின் கறுப்பின அமெரிக்க இசை) ஆல்பங்களின் மறுவெளியீட்டை வாங்குவது வீண் செலவா? அந்தக் காலத்தில் வெளியான அசல் இசைத்தட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டுமா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, யாரோ உங்களைச் சீண்டியிருக்கிறார்கள். ஆசை ஆசையாக டர்ன்டேபிள் வாங்கியிருப்பீர்கள், கூடவே ஒரு தட்டும் வாங்கியிருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு எவரோ "ஓ, ரீஇஷ்யூவா" என்று இழுத்திருப்பார். அந்த "ஓ" எனக்கும் கிடைத்திருக்கிறது.

என் விஷயத்தில் அது அமெரிக்க ஃபங்க் பாடகி பெட்டி டேவிஸின் முதல் ஆல்பம். 1973இல் ஜஸ்ட் சன்ஷைன் என்ற சின்ன கம்பெனி வெளியிட்டது. அட்டையில் பெரிய ஆஃப்ரோ முடியும் வெள்ளி நிற உயர பூட்ஸுமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். என்னிடம் இருப்பது 2007இல் சியாட்டிலைச் சேர்ந்த லைட் இன் தி அட்டிக் கம்பெனி கொண்டுவந்த மறுவெளியீடு. எல்பி சேகரிப்பவர்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்புக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெரியவர் தட்டை வெளியே எடுக்கக்கூட இல்லை. உறையைத் திருப்பினார், பின்பக்கம் இருந்த புது கம்பெனியின் முத்திரையை நகத்தால் ஒரு தட்டு தட்டினார், "இது ஜெராக்ஸ் காப்பி தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவரிடம் அசல் இருக்கிறதாம். அதுவும் சீல் பிரிக்காதது. "கேட்க எப்படி சார் இருக்கு?" என்றேன். சீலைப் பிரித்தால் மதிப்பு போய்விடுமே என்றார். யார் ஜெராக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் அந்தத் தட்டுக்குக் கொடுத்த பணத்தில் பெட்டி டேவிஸுக்குப் போனது எவ்வளவு? ஒரு பைசா கிடையாது. பழைய தட்டு கை மாறினால் காசு விற்றவருக்குத்தான். முறையாக உரிமம் பெற்று வரும் மறுவெளியீடு அப்படியில்லை. பாடியவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் பங்கு போக வழி உண்டு. இந்த ஆல்பத்தில் பாட்டெல்லாம் அவரே எழுதியவை. 2007இல் அது வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹோம்ஸ்டெட்டில், வெளியுலகத்தோடு பெரிதாகத் தொடர்பில்லாமல் இருந்தார். அந்த மறுவெளியீடு அவருடைய ஒத்துழைப்போடு வந்தது. எனக்கு இது ஒன்றே போதும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு ஓராண்டு மணவாழ்க்கை, அந்தப் பெயர் கடைசிவரை கூடவே வந்தது. பத்திரிகைகளும் அந்த ஓராண்டை வைத்தே அவரைப் பற்றி எழுதின. ஆனால் திருமணத்துக்கு முன்பே, 1967இல், சேம்பர்ஸ் பிரதர்ஸ் குழுவுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் அவர். முதல் ஆல்பத்தைத் தயாரித்தது ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் என்ற ஃபங்க் குழுவின் முன்னாள் டிரம்மர் கிரெக் எரிகோ. பின்குரல் பாடியவர்களில் பாயிண்டர் சிஸ்டர்ஸும் சில்வெஸ்டரும் உண்டு. ஒரு பெண் தன் ஆசையை இவ்வளவு வெளிப்படையாகப் பாடலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பே கண்டித்தது. வானொலியில் அதிகம் ஓடவில்லை, அதனால் அதிகம் விற்கவில்லை. இன்றைக்கு அசல் தட்டு அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அன்று யாரும் வாங்காததால் வந்த அருமையை வைத்து இன்று பெருமை பேசுகிறோம்.

இன்னொன்றும் கேளுங்கள். 1976இல் லூசியானாவில் ஓர் ஆல்பம் முழுசாகப் பதிவு செய்தார், கம்பெனி அதை வெளியிடாமல் முடக்கிப் போட்டது. அதை 2009இல் வெளியே கொண்டுவந்ததும் லைட் இன் தி அட்டிக்தான். அசல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் இதற்கு எங்கே போவார்?

சரி, ஒலித்தரம். இங்கேதான் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஒலிப்பதிவு டேப் புதிதாக இருந்த காலத்தில் வெட்டிய தட்டுக்குத் தனி அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் 1973 தட்டு எப்படி இருக்கும்? யார் யார் வீட்டுப் பார்ட்டியிலோ மழுங்கிய ஊசியில் தேய்ந்து, பாட்டுக்கு முன்னால் வடைச்சட்டி சத்தம்தான் கேட்கும். என் தட்டில் முதல் பாட்டு தொடங்கியதும் அதே ஸ்லை குழுவில் முன்பு இருந்த லாரி கிரஹாமின் பாஸ் கிட்டார் தரையோடு வருகிறது. கட்டைவிரலால் நரம்பை அடித்து, அடுத்த விரலால் சுண்டுகிற அவருடைய பாணியில் அடி வேறு, சுண்டல் வேறு என்று பிரித்துக் கேட்க முடிகிறது.

கீழ் வீட்டுக்காரருக்கும் கேட்கிறதாம். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டு எண்ணைப் போட்டு "சத்தம்" என்று எழுதுகிறார். அதே மனிதர் வீட்டில் மாடுலர் கிச்சன் வேலை மாதக்கணக்கில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துளை போடும் மிஷின், மதியம் டைல்ஸ் வெட்டும் மிஷின். அதற்கு ஒரு வார்த்தை யாரும் எழுதவில்லை. சங்கச் செயலாளரிடம் கேட்டால், "அது வேலை சார், இது பாட்டு" என்கிறார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்காவது சொல்ல வேண்டியிருந்தது.

மறுவெளியீடு என்று வருவதெல்லாம் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. திருட்டுப் பதிப்புகள் ஏராளம். உறையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பழைய அட்டையை ஸ்கேன் செய்து அச்சடித்திருந்தால் சின்ன எழுத்துகளின் ஓரம் கசங்கியிருக்கும், படத்தில் புள்ளி புள்ளியாகக் கோலம் தெரியும். யாரிடம் உரிமம் வாங்கினோம் என்ற வரி பின்பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். மாஸ்டர் டேப்பிலிருந்து, அதாவது ஸ்டுடியோவில் பதிவான மூல டேப்பிலிருந்து எடுத்தவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வார்கள்; ஒன்றுமே சொல்லவில்லை என்றால், சிடியிலிருந்தோ ஒரு பழைய தட்டை ஓடவிட்டோ பதிவு செய்ததாக இருக்கலாம். அப்படிப்பட்டதை வாங்குவதற்குப் பதில் காத்திருக்கலாம்.

2022 பிப்ரவரியில், 77 வயதில், பெட்டி டேவிஸ் இறந்துபோனார். அன்று அந்தப் பெரியவர் தன் சீல் பிரிக்காத தட்டைப் படம் எடுத்து எல்பி சேகரிப்பவர்களின் குழுவில் போட்டு அஞ்சலி செலுத்தினார். "இனி விலை ஏறும் சார்" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார், அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

நீங்கள் வாங்கப் பார்ப்பது எந்த ஆல்பம் என்று சொல்லவில்லையே. உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். "எல்லாம் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறதே" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு கேள்விக்குப் போய்விடுங்கள்.