போதகர் தேடும் சபை

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். திருமணத்துக்குப் பிறகு பென்சில்வேனியாவில் இருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பிரெஸ்பிட்டேரியன் சபையில் உறுப்பினராகிப் பல வருடங்கள் ஆகின்றன. போன வருடம் எங்கள் போதகர் ஓய்வு பெற்றார். புதியவரைத் தேட சபை ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுத்தது. அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

ஊரில் எங்களுக்கு இந்தப் பாடே கிடையாது. கோடை விடுமுறையில் மாற்றல் பட்டியல் வரும். பேராயர் யாரை அனுப்புகிறாரோ அவர்தான் எங்கள் ஐயர், அதாவது போதகர். இங்கே விண்ணப்பம் படிக்கிறோம், வீடியோவில் பேட்டி எடுக்கிறோம், சம்பளம் பேசுகிறோம். கம்பெனிக்கு ஆள் எடுப்பது மாதிரி இருக்கிறது. தேவனுடைய ஊழியரை இப்படித் தேர்ந்தெடுப்பது முறைதானா என்று மனசு உறுத்துகிறது. ஒரு வருடமாகியும் முடியவில்லையே என்று சபையில் முணுமுணுப்பு வேறு. கமிட்டியில் நான் ஒருத்திதான் இந்தியப் பெண். பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முறைதான். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று எருசலேம் சபையில் ஒரு தரப்பார் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் நினைத்திருந்தால் தாங்களே ஆட்களை நியமித்திருக்கலாம். ஆனால் சபையாரைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். சபை தெரிந்துகொண்டது, அப்போஸ்தலர்கள் ஜெபம் செய்து கைகளை வைத்தார்கள். அந்த ஏழு பேரும் போதகர்கள் அல்லவே என்று யாராவது வாதிடலாம். சரி, ஆனாலும் உங்கள் சபையின் ஒழுங்கு ஏறக்குறைய இதேதான். நீங்கள் தேடுகிறீர்கள், சபை வாக்களிக்கிறது, வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் மேலான மன்றமாகிய பிரெஸ்பிட்டரி அவரைச் சோதித்து ஒப்புக்கொள்கிறது. சபையே ஒருமனதாக வேண்டும் என்றாலும் பிரெஸ்பிட்டரி சம்மதிக்காவிட்டால் அந்த அழைப்பு செல்லாது.

இந்த உரிமை சும்மா கிடைத்ததும் அல்ல. உங்கள் பிரெஸ்பிட்டேரியன் மரபு வேர்விட்ட ஸ்காட்லாந்தில் போதகரை நியமிக்கும் அதிகாரம் வெகுகாலம் நிலப்பிரபுக்களிடம் இருந்தது. 1834இல் ஆக்டரார்டர் என்ற ஊருக்கு ராபர்ட் யங் என்பவரைப் போதகராகப் போட்டார் கின்னூல் பிரபு. அந்த ஊரில் மூவாயிரம் பேர் இருந்தார்கள். அவரை வரவேற்றுக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டே இரண்டு பேர். 330 குடும்பத் தலைவர்களில் 287 பேர் வேண்டாம் என்றார்கள். பிரெஸ்பிட்டரி மக்கள் பக்கம் நின்றது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் லண்டனில் பிரபுக்கள் சபை வரை போனது. நியமித்தவருக்கே உரிமை, மக்களின் மறுப்பு செல்லாது என்று 1839இல் தீர்ப்பு வந்தது. நான்கு வருடம் கழித்து, 1843 மே 18 அன்று எடின்பரோவில் தாமஸ் சால்மர்ஸ் என்ற போதகர் முதலானோர் ஸ்காட்லாந்துச் சபையின் பொதுச்சபைக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே நடந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் குருமனையையும் விட்டுவிட்டு வந்து தனிச் சபை கண்டார்கள். சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சனும் அவர்கள் பக்கம்தான் போனார். பின்னாளில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அவருடைய பள்ளிதான். ஆக, நம் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு இழை இருக்கிறது. அடுத்த முறை கமிட்டிக் கூட்டத்துக்குப் போகும்போது அந்த 287 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் பேசுவதில் கூச்சமே வேண்டாம். சம்பளம், வீடு அல்லது வீட்டுப்படி, ஓய்வூதியம், விடுமுறை எல்லாவற்றையும் அழைப்பிலேயே எழுதிச் சபையின் முன் வைப்பது நல்ல வழக்கம். ஊழியர்தானே, எப்படியோ சமாளித்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிற சபைகளில் கடன்பட்டுத் திண்டாடுவது அவருடைய குடும்பம்தான்.

என்னுடைய கவலை வேறு இடத்தில் இருக்கிறது. விண்ணப்பங்களைப் படிக்கிறோம் என்கிறீர்கள். அதற்கு முன்னால் உங்கள் சபை தன்னைப் பற்றி ஒரு அறிக்கை எழுதியிருக்குமே, அதில் என்ன எழுதினீர்கள்? இப்படிப்பட்ட அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றின் பெயரை எடுத்து இன்னொன்றில் ஒட்டினால் வித்தியாசம் தெரியாது. "நாங்கள் அன்பான குடும்பம் போன்ற சபை. இளம் குடும்பங்கள் வரவேண்டும் என்று விரும்புகிறோம். மாற்றத்துக்குத் தயாராக இருக்கிறோம்." ஞாயிறு பள்ளியில் நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். ஆராதனை நேரத்தை அரை மணி நேரம் மாற்றலாமா என்று கேட்டால் சபை இரண்டாக உடையும். அறிக்கையில் அது இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு போதகர் அப்படி ஒரு அறிக்கையை நம்பிப் போனார். மனைவி வேலையை விட்டார், பிள்ளைகள் பள்ளி மாறினார்கள். போய்ச் சேர்ந்த பிறகு மூப்பர்களுடன் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கும்போதுதான், வருடா வருடம் விழும் துண்டைச் சபையின் பழைய சேமிப்பை எடுத்து அடைத்துவருகிறார்கள் என்பதும், அது இன்னும் இரண்டு வருடத்துக்குத்தான் வரும் என்பதும் தெரிந்தது. கமிட்டிக்கு முன்பே தெரியும். சொன்னால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்துவிட்டோம் என்று ஒரு பெரியவர் பிறகு அவரிடம் அழுதாராம். அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. ஆனால் அந்தக் குடும்பம் மூன்றாம் வருடம் மறுபடி பெட்டி கட்டியது.

அதனால் அந்த அறிக்கையை மறுபடி எடுத்து வைத்துப் படியுங்கள். பத்து வருடத்துக்கு முன் ஞாயிறு ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள், இப்போது எத்தனை பேர்? காணிக்கையில் செலவு அடைகிறதா? கடைசியாகப் பெரிய சண்டை எதற்காக வந்தது? போதகர் யாராவது மனம் நொந்து போயிருந்தால் ஏன் போனார்? அறிக்கையில் இதெல்லாம் இல்லை என்றால் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். முழுநேரப் போதகரைத் தாங்க முடியாத நிலைமை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடலாம். பகுதிநேர ஊழியத்துக்கு நல்லவர்கள் கிடைக்கிறார்கள். பக்கத்துச் சபையோடு சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்கிற சபைகளும் அங்கே உண்டு.

அப்புறம், ஓய்வு பெற்றவர் அன்பானவராக இருந்திருந்தால் அவரைப் போலவே ஒருவரைத் தேடுவோம். மனக்கசப்போடு போயிருந்தால் அவருக்கு நேர் எதிரான ஒருவரைத் தேடுவோம். இரண்டிலும் நம் கண் பழையவர் மேலேயே இருக்கிறது. நடுவில் ஓர் இடைக்காலப் போதகரை வைத்து ஒன்றரை இரண்டு வருடம் காத்திருப்பது அதற்காகத்தான். ஒரு வருடம் தாமதம் அல்ல. அவசரப்பட்டு எடுத்த முடிவைத்தான் சபைகள் பத்து வருடம் சுமக்கின்றன.

முணுமுணுப்புக்கு வருகிறேன். உங்களால் பெயர்களைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. விண்ணப்பித்தவர் இன்னொரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருப்பார். அங்கே விஷயம் தெரிந்தால் அவர் பாடு என்னாகும்? ஆனால் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் எதையுமே சொல்லாமல் இருப்பது தவறு. இத்தனை விண்ணப்பங்கள் படித்தோம், இத்தனை பேரிடம் பேசினோம், இன்னும் இரண்டு பேரை நேரில் பார்க்கவேண்டும், ஜெபியுங்கள். மாதம் ஒரு முறை ஆராதனை அறிவிப்பில் இதைச் சொன்னால் போதும், பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

பிரசங்கம் கேட்கும் கட்டம் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். அவருடைய சபையிலும் இல்லாமல் உங்கள் சபையிலும் இல்லாமல் மூன்றாவது ஒரு சபையில் அவரைப் பிரசங்கம் செய்யச் சொல்லி, நீங்கள் போய்க் கேட்பீர்கள். கமிட்டியார் ஒரே வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காராதீர்கள், ஆளுக்கொரு பெஞ்சில் பிரிந்து உட்காருங்கள். பிரசங்கம் மட்டுமல்ல, அறிவிப்பு வாசிப்பதையும் கவனியுங்கள், பிள்ளை அழும்போது அவர் முகத்தையும் கவனியுங்கள். முடிந்ததும் வாசலில், அவரை முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தன் முழங்கால் வலியைச் சொல்வார். அப்போது அவர் கண் அந்த அம்மாவைப் பார்க்கிறதா, பின்னால் நிற்கும் கமிட்டியாரைத் தேடுகிறதா என்று பாருங்கள். யூடியூபில் எத்தனை பிரசங்கம் கேட்டாலும் இது தெரியாது.

பேட்டியில் நீங்கள் அவசியம் பேசவேண்டும். ஐயரிடம் கேள்வி கேட்டு நமக்குப் பழக்கமில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அறையில் உள்ள மற்றவர்கள் அறியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் மாற்றலாகி வரும் ஐயரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்தாலும் சாமான் லாரி வந்து நிற்கும்போது வாலிபர்கள் கட்டிலைத் தூக்கி இறக்குவார்கள். அன்று ராத்திரிச் சாப்பாடு யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வரும். அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதெல்லாம் பிற்பாடுதான். வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சபைகளில் இது அவ்வளவு எளிதில் வருவதில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், வந்தவரும் யார் யார் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்.

விதிப்படி உங்கள் கமிட்டியின் வேலை அழைப்போடு முடிந்துவிடும். ஆனால் வாக்கெடுப்பு நடந்த அந்த வாரமே, வேண்டாம் என்று சொன்னவர்களில் உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாதம் செய்ய வேண்டாம். புதியவர் வரும் நாளில் சாமான் இறக்க வருவீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

யார் வருகிறார் என்று முடிவானதும் எழுதுங்கள். உங்கள் சபைக்காக ஜெபிக்கிறேன்.

அன்புடன்