கம்பியில தொங்கிட்டு மலைய தாண்டணுமாம், பயமா இருக்கு அக்கா!

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு வயசு 31, ஷார்ஜால அக்கவுண்ட்ஸ் வேலை. எங்க ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ராஸ் அல் கைமால இருக்குற ஜெபல் ஜைஸ் மலைக்கு ஜிப்லைன் போறதா முடிவு பண்ணி எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டாங்க. நான் பால்கனில நின்னு கீழ பார்த்தாலே உள்ளங்கால் கூசுற ஆளு. வரலன்னு சொன்னா "இதுக்குப் போய் பயமா"ன்னு கிண்டல் பண்றாங்க. ரெண்டு நாளா சரியா தூங்கல. போகட்டுமா, வேணாமா?
– ஒரு வாசகி, ஷார்ஜா

பதில்: முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்மா. போகலன்னா உனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது, அத மனசுல நல்லா வச்சுக்கோ. கிண்டலுக்குப் பயந்து ஏறாத, உனக்கே போகணும்னு ஆசை ஒரு ஓரமா இருந்தா மட்டும் ஏறு. உன் லெட்டர படிச்சா அந்த ஆசை இருக்குற மாதிரிதான் எனக்குப் படுது, வேணவே வேணாம்னா நீ ஏன் என்கிட்ட கேக்கப் போற?

நானும் அதே மலையிலதான் முதல் முதலா போனேன், 2019 ஜனவரில, தம்பி அங்க வேலைல இருந்தப்போ. மலை ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், அதனால காலைல ரெண்டு இட்லியோட நிறுத்திக்கோ, வயிறு முட்ட சாப்ட்டா வளைவுலயே குமட்டும். மேல எடை பார்ப்பாங்க, அப்புறம் சூட், ஹெல்மெட், கண்ணுக்கு காகிள்ஸ். ஜிப்லைன்னா உக்காந்துட்டு போறதுன்னுதான் நான் நெனச்சிருந்தேன், இங்க அப்படி இல்ல, குப்புற படுக்க வச்சு தல முன்னாடி போற மாதிரி மாட்டுவாங்க. கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,680 மீட்டர் உயரத்துல அப்படி தொங்கிட்டு கேட் திறக்கறதுக்காக காத்திருந்தேன் பாரு, அந்த ஒரு நிமிஷம்தான் மொத்தத்துலயும் கஷ்டம். வாய் வறண்டு போச்சு, கை ஜில்லுன்னு ஆயிடுச்சு, பக்கத்து கம்பியில தம்பி என்னமோ சொல்றான் எனக்கு காதுலயே விழல.

விட்டாங்க. முதல் ரெண்டு மூணு செகண்ட் வயிறு மேல ஏறி தொண்டைக்கு வந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் காத்து சத்தம் மட்டும்தான், கீழ பழுப்பும் சாம்பலுமா பாறை, அதுக்கு நடுவுல காஞ்சு போன ஆத்துப் படுகை ஒண்ணு, அங்க அத 'வாடி'ன்னு சொல்வாங்க, கோடா ஓடுது. வேகம் மணிக்கு 120ல இருந்து 150 கிலோமீட்டர் வரைக்கும் போகும்னு சொல்வாங்க, ஆனா பக்கத்துல மரமோ கட்டடமோ எதுவும் இல்லாததால வேகமே தெரியல. நான் எதிர்பார்த்த பயம் பறக்கும்போது வரவே இல்லம்மா, அத்தனையும் கேட்டுக்கு இந்தப் பக்கமே முடிஞ்சு போச்சு.

ஆனா ஒரு விஷயம் எனக்கு யாரும் முன்கூட்டி சொல்லல, அதனால உனக்கு சொல்றேன். அந்த பெரிய கம்பி நேரா தரையில கொண்டு விடாது. அந்தரத்துல கேபிள்ல தொங்குற ஒரு மேடையில போய் நிக்கும், அங்க உன்ன கழட்டி இன்னொரு கம்பியில மாட்டி திரும்பவும் அனுப்புவாங்க, அது ஒரு கிலோமீட்டர் கிட்ட. முடிஞ்சதுன்னு நெனச்ச நேரத்துல அது வந்ததால எனக்கு அங்கதான் கால் நடுங்குச்சு. நீ இப்பவே தெரிஞ்சு வச்சுக்கிட்டா நடுங்காது.

போறதுன்னு முடிவு பண்ணா, மாட்டிவிடற பையன்கிட்ட "எங்கெல்லாம் மாட்டியிருக்கீங்க, காட்டுங்க தம்பி"ன்னு கேளு. ஒரு பிடிப்பு போனாலும் இன்னொண்ணு தாங்கற மாதிரி தனியா ஒரு மாட்டு இருக்கும், அத கண்ணால பார்த்துட்டா மனசு பாதி அடங்கிடும். கேள்வி கேட்டா மூஞ்ச சுளிக்கிற இடமா இருந்தா, அது எந்த ஊரா இருந்தாலும் சரி, திரும்பி வந்துடு. வரிசையில கடைசில நிக்காத, ஒவ்வொருத்தரும் கத்திட்டு போறத பார்த்துட்டே நின்னா பயம் ஏறிட்டேதான் போகும். மூச்ச இழுக்கறத விட விடறத நீளமா விடு. துப்பட்டா, செயின், ஃபோன் எல்லாத்தையும் லாக்கர்ல வச்சுட்டு தலைமுடிய இறுக்கி பின்னி உள்ள சொருகிக்கோ, கம்பி மேல உருண்டு ஓடற கப்பிக்குள்ள முடியோ துணியோ மாட்டுனா அது பெரிய ஆபத்து. கேட் வரைக்கும் போயிட்டு "வேணாம்"னு சொல்லவும் உனக்கு உரிமை இருக்கு.

கேள்வி: பாதி வழியில நின்னுட்டா என்ன ஆகும்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நிக்க வாய்ப்பு இருக்கு, அதுக்காக விழ மாட்டீங்க. கம்பிய எவ்ளோ இழுத்துக் கட்டுனாலும் நடுவுல கொஞ்சம் தொய்வு இருக்கும், அதனால கடைசில லேசா மேல ஏற்றமா வரும், வேகம் தானா குறையறதும் அதனாலதான், மிச்ச வேகத்த பிரேக் பிடிச்சுக்கும். எடை கம்மியா இருக்கறவங்க எதிர்காத்துல போனா முனை வரைக்கும் போகாம நின்னு, பின்னாடி உருண்டு, தாழ்வான இடத்துல தொங்குவாங்க. ஊழியர் கயிறோட கம்பியிலயே வந்து இழுத்துட்டு போவாங்க, அதுவரைக்கும் அசையாம இருந்தா போதும். தயவுசெஞ்சு கம்பிய கையால பிடிக்காதீங்க, விரல் போயிடும். எடை வரம்பும், காத்து அதிகமானா மூடறதும் இதுக்குத்தான், அன்னைக்கு "காசு குடுத்தாச்சே"ன்னு யாரும் சண்டை போடாதீங்க.

கேள்வி: உலகத்துலயே நீளமான ஜிப்லைன் எது அக்கா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: மேல சொன்ன ஜெபல் ஜைஸ்தான் கின்னஸ் சாதனை வாங்குனதும்மா, 2018ல திறந்தப்போ. 2.83 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி போர்ட்டோ ரிக்கோல இருந்த 2.2 கிலோமீட்டர் கம்பிக்கு அந்தப் பேர் இருந்துச்சு. ஆனா கம்பியில தொங்கி கடக்கறது விளையாட்டா மட்டும் இருந்ததில்ல. நேபாள மலை கிராமங்கள்ல துயின்னு சொல்ற கம்பியில தொங்கித்தான் புள்ளைங்க ஆத்த தாண்டி ஸ்கூலுக்குப் போனாங்க, ஹெல்மெட்டும் இல்ல பெல்ட்டும் இல்ல. அத எடுத்துட்டு தொங்குபாலம் கட்டணும்னு அங்க ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாங்க.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறாங்க. துபாய்க்கு வரும்போது அவங்களையும் ஏத்தலாமா?
– ஒரு வாசகர், துபாய்

பதில்: டாக்டர்கிட்ட கேக்காம ஏத்தாதீங்க தம்பி. பயத்துல நாடியும் பிபியும் சட்டுனு ஏறும், நல்லா இருக்கறவங்களுக்கு அது கொஞ்ச நேரத்துல இறங்கிடும், அவங்களுக்கு அப்படி இருக்கும்னு நாம சொல்ல முடியாது. இதய நோய், முதுகு ஆபரேஷன், கர்ப்பம், இதெல்லாம் இருந்தா வேணவே வேணாம். அதே மலையில வியூயிங் டெக் பார்க் இருக்கு, அங்க உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் குடுங்க, மலையெல்லாம் அங்க இருந்தே நல்லா தெரியும். சால்வை ஒண்ணு எடுத்துட்டு போங்க, கீழ வெயில் அடிச்சாலும் மேல சாயங்காலம் குளிரும்.