எரிந்த மோட்டாருக்குக் கண் ஆஸ்பத்திரி வழி

கேள்வி: மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். குறுவை நேரத்தில் எரிந்துபோன மோட்டார்கள் வாசல்வரை வந்துவிடுகின்றன. சொன்ன தேதிக்குக் கொடுக்க முடிவதில்லை. பக்கத்து ஊர்ப் பட்டறைகளைப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இதே நெரிசல். யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: பட்டறைகளை விடுங்கள் தம்பி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அவர் அடிக்கடி எடுத்துச் சொன்னது மெக்டொனால்ட்ஸ் கடையை! எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே தரம், ஒரே வேகம். அது கண் சிகிச்சையில் ஏன் முடியாது என்று கேட்டார்.

அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் இன்னொரு நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார் டாக்டர்.

உங்கள் பட்டறையில் காயில் சுற்றுகிறவர்தான் டாக்டர். எரிந்த கம்பியை உருவுவது, கம்பி உட்காரும் ஸ்லாட்டைச் சுரண்டுவது, அதில் இன்சுலேஷன் பேப்பர் போடுவது, போன் எடுப்பது எல்லாம் அவர் தலையிலேயே விழுந்தால் சுற்றுவது எப்போது? பேப்பர் போட்டுத் தயாரான ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) ஒன்று எப்போதும் அவர் பக்கத்தில் இரண்டாவது மேசையில் இருக்கட்டும். பழைய கம்பியைப் பிரிக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ் (கம்பியின் கனம்) என்று உதவிப் பையன் எழுதிவிட வேண்டும். இது ரொம்ப முக்கியம். ஆனால் சுற்றிய காயிலில் வார்னிஷ் காய்கிற நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள். டாக்டர் வெங்கடசாமியும் அறுவையில் அவசரம் காட்டச் சொல்லவில்லை, டாக்டர் சும்மா நிற்கிற நேரத்தைத்தான் ஒழித்தார்.

அப்புறம், உங்கள் தெரு டெய்லரையும் கவனியுங்கள். துணியில் ஒரு சிறு துண்டு வெட்டி பில்லோடு பின் அடித்து வைக்கிறார் இல்லையா? தீபாவளிக்கு எத்தனை பிளவுஸ் தொங்கினாலும் தேட வேண்டியதில்லை. கும்பகோணத்தில் எங்கள் பாத்திரக்கடையில், பேர் வெட்டக் கொடுக்கும் சீர்க் குடங்களுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டோம். பில் நம்பர், வெட்ட வேண்டிய பேர், முகூர்த்தத் தேதி மூன்றும் எழுதிய அட்டை குடத்தின் கழுத்தில் தொங்கும். யார் குடம் முதலில் போக வேண்டும் என்று பேர் வெட்டுகிறவருக்கே தெரிந்துவிடும். நீங்கள் தகரத் துண்டில் எழுதிக் கட்டுங்கள். அட்டை கிரீஸில் ஊறிப்போகும்.

செப்புக் கம்பி தீர்ந்து வேலை நிற்கிறதா? டொயோட்டாவின் டைச்சி ஓனோ இதற்கு அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வழி எடுத்தார். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புகிற முறையைக் கார் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார், அதற்கு அடையாளமாக ஓர் அட்டை. சரி, உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு கேஜிலும் கடைசி ரீலில் ஒரு சீட்டைக் கட்டுங்கள். அந்த ரீலைப் பிரித்த அன்றே சீட்டு உங்கள் மேசைக்கு வர வேண்டும், கம்பிக்கு ஆர்டரும் போக வேண்டும்.

மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் பையன்கள் திணறுவார்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் இரண்டாவது மேசையைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் தாமதமானால் போர்வெல் மோட்டார்கள் இன்னும் அதிகம் ஓடும், உங்களுக்கே தெரியும். தகர அட்டையும் சீட்டும் சம்பா நடவுக்கு வந்தால் போதும்.