தற்காலிக டப்பில் தங்கமீன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் கண்ணாடித் தொட்டியில் ஒரு மூலையில் சிலிகான் விட்டுப்போய் தண்ணீர் கசிகிறது. உள்ளே இரண்டு தங்கமீன்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். புதுத் தொட்டி செய்து வர ஒன்றரை மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை பெரிய பக்கெட்டில் விட்டுவிட்டு, தினமும் தண்ணீரை முழுக்க மாற்றினால் போதுமா?

பதில்: வணக்கம். பக்கெட் ஒரு சில மணி நேரத்துக்குத் தாங்கும், ஒன்றரை மாதத்துக்குத் தாங்காது. தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். கழிவு என்றதும் அடியில் கிடக்கும் எச்சம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும்போதே மீனுக்குச் செவுள் எரிந்துகொண்டிருக்கலாம்.

உங்கள் பழைய தொட்டியில் இந்த அம்மோனியாவைச் சமாளித்தவை நல்ல பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இவை பெருகி நிலைபெற சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதாவது, வெறும் டப்பில் புதுத் தண்ணீரோடு தொடங்கினால், பாக்டீரியா தயாராகும் நேரத்தில் உங்கள் புதுத் தொட்டி வீடு வந்து சேர்ந்திருக்கும். இடைப்பட்ட நாள் முழுவதும் மீன்கள் விஷத்தில் இருந்திருக்கும். தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினால் இன்னொரு தொல்லை: வெப்பமும் நீரின் தன்மையும் நாள்தோறும் ஏறி இறங்கும். அந்த அதிர்ச்சியே மீனை நோயில் தள்ளும்.

ஆகவே முதல் வேலையாகச் சொல்கிறேன், பழைய ஃபில்டரைக் காப்பாற்றுங்கள். அந்த அழுக்குப் பிடித்த ஸ்பாஞ்சில்தான் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. 'வீடு மாறுகிறோம், ஃபில்டரையும் சுத்தமாக்கிவிடலாம்' என்று குழாயடியில் வைத்துக் கசக்கிவிடாதீர்கள். குளோரின் பட்டால் அத்தனையும் செத்துப்போகும். கட்டாயம் அலச வேண்டுமென்றால் பழைய தொட்டித் தண்ணீரிலேயே லேசாக முக்கி எடுங்கள். மீன்களை மாற்றும் கடைசி நிமிடம் வரை ஃபில்டர் பழைய தொட்டியில் ஓடட்டும். பிறகு ஒரு பாத்திரத்தில் பழைய நீரோடு எடுத்துவந்து டப்பில் உடனே ஓடவிடுங்கள். ஈரம் காயக்கூடாது. ஓட்டம் நின்ற ஃபில்டருக்குள் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். தொட்டியின் அடியில் கூழாங்கல் இருந்தால் அதில் கொஞ்சத்தை வலைப்பையில் கட்டி டப்புக்குள் போடுங்கள். அதன் மேலும் பாக்டீரியா படிந்திருக்கும்.

இனி டப். இரண்டு மீனுக்கு 150 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். இடம் இருந்தால் 200. 'கொஞ்ச நாள்தானே' என்று அளவைக் குறைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மீன் கழிப்பது கொஞ்ச நாளுக்காகக் குறையப் போவதில்லை. உயரமான டிரம்மைவிட வாய் அகன்ற டப் நல்லது, ஏனென்றால் காற்று நீரில் கரைவது மேல்பரப்பின் வழியாகத்தான். 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 180 லிட்டர். எடையும் அதே 180 கிலோ. நிரப்பிய பிறகு அசைக்க முடியாது. எனவே காலி டப்பைச் சமதளத்தில், அதன் இறுதி இடத்தில் வைத்துவிட்டு நிரப்புங்கள். துணிமணி அடுக்கும் மெல்லிய சதுரப் பெட்டிகள் வேண்டாம். நீரின் அழுத்தத்தில் பக்கங்கள் வயிறு தள்ளி, ஒரு நாள் மூலையில் கீறல் விடும். ஓரம் தடித்த, முட்டை வடிவ அல்லது வட்ட டப் உறுதியானது. மீன்களை விடும் முன் ஒரு நாள் முழுக்க நீர் நிரப்பி நிறுத்திவைத்துப் பாருங்கள். நிரப்பும்போது அளவு தெரிந்த பக்கெட்டால் எண்ணி ஊற்றுங்கள். பின்னால் மருந்தோ உப்போ சேர்க்கும்போது அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருந்தால் நிம்மதி. பெயின்ட், ரசாயனம், சோப்புத்தூள் வைத்திருந்த டப் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். புது டப்பையும் சோப்புப் போடாமல் வெந்நீரும் உப்பும் கொண்டு தேய்த்தால் போதும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகிய பாத்திரங்கள் கூடவே கூடாது. செம்பும் துத்தநாகமும் மீனின் செவுளைக் கெடுக்கும்.

எங்கே வைப்பது? நேர் வெயில் படாத, ஆனால் பகல் வெளிச்சம் உள்ள அறை. ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை: ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அந்த அறையில் பூச்சி மருந்து அடித்தால், கொசு விரட்டி ஏற்றினால், பெயின்ட் பூசினால், எல்லாம் டப்புக்குள் போகும். பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைக்கத்தான் வழி என்றால் குழாயில், தண்ணீரைத் திரும்பி வரவிடாத செக் வால்வு ஒன்றைப் போடுங்கள். இல்லையேல் மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கித் தரைக்கு வந்துவிடும். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொய்ந்து மேலேறட்டும், வழிந்து வரும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

மேலே வலை போட்டுக் கட்டுங்கள். புது இடத்தில் முதல் இரவுகளில் மீன் மிரண்டு துள்ளும். மாற்றும்போது வலைக்கரண்டியால் அள்ளாமல், ஒரு கிண்ணத்தை நீருக்குள் சாய்த்து மீனைத் தண்ணீரோடு மொள்ளுங்கள், செதில் உதிராது. என்னிடம் கறுப்பு மூர் என்ற வகைத் தங்கமீன் இருக்கிறது. வெளியே துருத்திய கண்கள், பார்வையோ மந்தம். அதை டப்பில் விடும் முன் உள்பக்கம் முழுவதையும் விரலால் தடவிப் பார்ப்பேன். கூரான பிசிறு, நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனை எதுவும் இருக்கக்கூடாது. உங்களுடையவை சாதாரணக் கண் கொண்டவையாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

முதல் நாள் தீனி வேண்டாம். பிறகு ஒரு வாரம் வழக்கத்தில் பாதி. நன்றாக வளர்ந்த தங்கமீன் அதனால் இளைத்துவிடாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, தினமும் பாருங்கள். இரண்டும் 0 காட்டினால் வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். 0.25 காட்டினாலே அன்றே மாற்றுங்கள்.

கேள்வி: குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்கிறார்கள். டப்புக்கு அது போதுமா?

பதில்: வெறும் குளோரின் என்றால் போதும். ஏர் பம்ப்பும் ஓடினால் இன்னும் சீக்கிரம் போகும். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். அது நாள்கணக்கில் நின்றாலும் எளிதில் போகாது. உங்கள் குடிநீர் வழங்குவோரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோடியம் தயோசல்ஃபேட் கலந்த சாதாரணக் குளோரின் நீக்கி, குளோரமினை உடைக்கும்போது அதிலிருந்து அம்மோனியா மிஞ்சும். அதனால் அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். கிணற்று நீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமிலவாயு அதிகமாகவும் இருக்கலாம். ஓர் இரவு காற்றடித்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: டப்பில் விட்டதிலிருந்து மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பசியா?

பதில்: நீங்கள் கிட்டே போகும்போது மட்டும் வந்து வாயைத் திறந்தால் தீனி கேட்கிறது. ஆள் இல்லாதபோதும் மேல்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால் மூச்சுக்குத் தவிக்கிறது. அப்போது தீனி போடுவது நிலைமையை மோசமாக்கும். உடனே பாதித் தண்ணீரை, அதே வெப்பமுள்ள, குளோரின் நீக்கிய நீரால் மாற்றிவிட்டு, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். வெப்பம் கூடக் கூட நீரில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். காற்று நன்றாக வந்தும் தவித்தால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள். அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். நீர் மாற்றுவதோடு லிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில், வேறெதுவும் கலக்காத உப்பைக் கரைத்து ஊற்றினால் நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவது குறையும். மின்சாரம் போனால் ஒரு சொம்பால் டப்பின் நீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். பேட்டரி பம்ப் ஒன்று கைவசம் இருப்பது இன்னும் நல்லது.

கேள்வி: தொட்டியின் அளவுக்கு ஏற்பத்தான் தங்கமீன் வளரும், அதனால் சின்ன டப்பே போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: சரியில்லை. சிறிய இடத்தில் மீன் வளராமல் போவது, கெட்ட நீரில் உடல் நலிந்து வளர்ச்சி தடைப்படுவதால். நல்ல நீரில் காமெட் வகை 25 சென்டிமீட்டரைத் தாண்டும், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். அந்த நண்பருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: புதுத் தொட்டி அடுத்த மாதம் வருகிறது. டப்பிலிருந்து மாற்றும்போது மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை, இன்றே ஒரு வேலை செய்தால். புதுத் தொட்டிக்கான ஃபில்டரை இப்போதே வாங்கி, பழையதன் பக்கத்திலேயே டப்பில் ஓடவிடுங்கள். இந்த ஒரு மாதத்தில் அதிலும் பாக்டீரியா பிடித்துவிடும். தொட்டி வந்ததும் இரண்டு ஃபில்டர்களையும் அங்கே மாற்றுங்கள். சில வாரம் சேர்ந்து ஓடிய பிறகு பழையதை எடுக்கலாம். டப்பைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்து எப்போது புது மீன் வாங்கினாலும், மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் 4 வாரம் அதில் தனியே வைத்துக் கவனியுங்கள். அப்போது அந்தப் பழைய ஃபில்டரும் பயன்படும்.